வெள்ளம் வருமுன்

நுழையும்முன்

மழை இயற்கையின் கொடை. அக்கொடையைப் பேரிடராக மாற்றுவதில் மனிதரின் ஆயத்தமின்மைக்கும் பெரும்பங்கு உண்டு. ஓர் ஊர் தன்னைக் காத்துக்கொள்ளத் திட்டம் தீட்டலாம். அத்திட்டத்திற்குரிய பொருளை யார் தருவது, எப்போது தருவது என்னும் வினாக்களே அதன் வெற்றியை முடிவு செய்கின்றன. பேரிடருக்குப் பின் செய்யும் செலவு எல்லார் கண்ணிலும் படும். முன்னரே செய்யும் செலவு எவர் கண்ணிலும் படாது. அந்தக் கண்ணில் படாத செலவின் இன்றியமையாமையைத் தென்காசி மாவட்டத்தின் மலையடிவார ஊர்களைக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

மலையடிவாரத்து ஊர்கள்

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமாக மலர்ந்தது தென்காசி. அதன் மேற்கெல்லையாக நெடிதுயர்ந்து நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. செங்கோட்டைக்கு மேற்கே அம்மலையில் அமைந்துள்ள ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைகிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் சாரல் பொழிவதற்கு இதுவே காரணம். அப்பருவம் ஓய்ந்த பின் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. இவ்வாறு ஆண்டில் இருமுறை மலை நனைவதால் இப்பகுதி வளம் பெறுகிறது. இருமுறை வெள்ள அச்சத்திற்கும் உள்ளாகிறது.

திரிகூடமலையில் தோன்றும் சிற்றாறு, பேரருவியாக விழுந்து, தென்காசியைக் கடந்து, பல குளங்களை நிரப்பிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. ஐந்தருவி, பழைய குற்றால அருவி, புலியருவி, சிற்றருவி என அருவிகள் பல இம்மலைச் சரிவில் உள்ளன. குற்றாலத்திற்கு வடமேற்கே, மேக்கரை மலையடிவாரத்தில் அனுமன் நதியின் குறுக்கே 132 அடி உயரமுள்ள அடவிநயினார் அணை கட்டப்பட்டுள்ளது. அந்நீரை நம்பி வாழும் ஊர்களுள் ஒன்று வடகரை. பெயரிலேயே கரையைத் தாங்கிய அவ்வூர், வடகரை கீழ்ப்பிடாகை என்னும் பேரூராட்சியாக விளங்குகிறது. இம்மாவட்டத்தின் பிற அணைகளான கடனாநதி 85 அடியும், ராமநதி 84 அடியும், கருப்பாநதி 72 அடியும், குண்டாறு 36 அடியும் உயரம் உடையவை.

அணை உள்ள ஆற்றில் நீர்வரத்தை ஓரளவு தேக்கி, கரையோர மக்களுக்கு அறிவித்துவிட்டுத் திறக்க இயலும். அருவியில் அவ்வாறு செய்ய இயலாது. மலையுச்சியில் பெய்த மழை, செங்குத்தான சரிவில் தடையின்றி இறங்கிச் சிறிது நேரத்திற்குள் அடிவாரத்தை அடைந்துவிடும். அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். நீரில் நிற்பவருக்கு மலைக்குப் பின்னால் நிகழ்வது தெரிவதில்லை. இதுவே திடீர் வெள்ளத்தின் கொடுமை.

சில நிமிடங்களின் விலை

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோது வெள்ளம் திடீரெனப் பாய்ந்தது. பலர் படிக்கட்டுகளில் ஏறி ஓடி உயிர் தப்பினர். 17 வயது மாணவர் ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அதற்கு ஐந்து திங்களுக்கு முன்னர், 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் வரலாறு காணாத மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது. திருவைகுண்டம் தொடர்வண்டி நிலையத்தில் பயணிகள் ஏறத்தாழ 800 பேர் வெள்ளம் சூழத் தவித்தனர்.

இவ்விரு நிகழ்வுகளும் அளவில் வேறுபட்டவை. ஒன்று பல மாவட்டங்களைச் சூழ்ந்த பெருவெள்ளம். மற்றொன்று ஓர் அருவிக்கரையில் சில நிமிடங்களில் முடிந்துபோன துயரம். எனினும் இரண்டும் எழுப்பும் வினா ஒன்றே. மலையில் மழைமானி, அது தரும் தகவலை உடனே கீழே சேர்க்கும் கருவி, ஒலிக்கும் அபாயச் சங்கு, கூட்டத்தை வெளியேற்றும் பயிற்சி பெற்ற காவலர், தூர்வாரிய கால்வாய், உடையாத குளக்கரை ஆகியவை இருந்தால் இழப்பு குறையும் என்பதை எல்லாரும் அறிவர். இவை ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். ஒருமுறை வாங்குவதற்கு மட்டுமன்றி, ஆண்டுதோறும் பழுதுபார்ப்பதற்கும் வேண்டும். அப்பணம் வெள்ளத்திற்கு முன்னரே கையில் இருக்க வேண்டும்.

இடரும் பேரிடரும்

பெருமழை, நிலநடுக்கம், சூறாவளி போன்றவை இயற்கை இடர்கள். அவை தாமாகவே பேரிடர் ஆவதில்லை. மக்கள் இல்லாத காட்டில் பெய்யும் பெருமழை காட்டாற்றை மட்டுமே நிரப்பும். அதே மழை, ஓடையை அடைத்துக் கட்டிய குடியிருப்பின்மீது பெய்தால் உயிர்களைப் பறிக்கும். இடரின் வலிமை, அதன் பாதையில் இருக்கும் மக்களும் உடைமைகளும், அவர்களின் தாங்குதிறன் ஆகிய மூன்றும் சேர்ந்தே பேரிடரின் அளவை உறுதி செய்கின்றன. முதலாவதை மனிதரால் மாற்ற இயலாது. மற்ற இரண்டையும் மாற்ற இயலும். அம்மாற்றத்திற்கான முயற்சிகளே பேரிடர் இடர்க்குறைப்பு எனப்படுகின்றன.

2015 மார்ச்சுத் திங்களில் ஜப்பான் நாட்டின் செண்டாய் நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் அவையின் உலக மாநாடு, 2030 வரைக்குமான செயல்திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. இடரைப் புரிந்துகொள்ளுதல், இடரை ஆளும் நிருவாகத்தை வலுப்படுத்துதல், இடர்க்குறைப்பில் முதலீடு செய்தல், ஆயத்தநிலையை மேம்படுத்துதல் என அது நான்கு முன்னுரிமைகளை வகுத்தது. இவற்றுள் மூன்றாவது, இடர்க்குறைப்பிற்குச் செலவிடுவதை 'முதலீடு' என்று பெயரிட்டு அழைப்பது கருதத்தக்கது.

இதன் பயனுக்கு ஒடிசா மாநிலம் சான்றாக நிற்கிறது. 1999-இல் வீசிய பெரும் சூறாவளியில் அங்கு ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அதன்பின் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. எச்சரிக்கை அமைப்புகள் சீர்செய்யப்பட்டன. ஊர்தோறும் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்றனர். 2013-இல் பாய்லின் புயல் தாக்கியபோது இலட்சக்கணக்கான மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கியது. கடலும் காற்றும் மாறவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் செய்த செலவு மக்களைக் காத்தது.

முன்னோர் ஒதுக்கிய பொருள்

நீரால் வரும் கேட்டைத் தடுக்க முன்கூட்டியே பொருள் ஒதுக்கும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊராட்சிக்கெனக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களைக் குறிக்கின்றன. அவற்றுள் ஏரிவாரியம் ஒன்று. ஏரியைப் பேணுவது தனியொரு குழுவின் பொறுப்பாகக் கருதப்பட்டதை இது காட்டுகிறது. ஏரிப் பராமரிப்பிற்கென ஒதுக்கப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. அந்நிலத்தின் விளைச்சல் ஆண்டுதோறும் கரையைப் பலப்படுத்தவும் தூர்வாரவும் பயன்பட்டது. அரசனின் கருவூலத்தை ஒவ்வோர் ஆண்டும் எதிர்நோக்க வேண்டிய தேவை அவ்வூருக்கு இல்லை.

ஊர்மக்கள் தம் உழைப்பையே நிதியாகத் தந்த முறை குடிமராமத்து. வீட்டுக்கு ஓர் ஆள் என வந்து கால்வாய்களைத் துப்புரவு செய்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் அவ்வழக்கத்தைச் சட்டக் கடமையாக்க முயன்றது. எனினும் ஊருக்குரிய உரிமையும் வருவாயும் ஊரைவிட்டு அகன்றபின், கடமை மட்டும் தனித்து நிலைக்கவில்லை. 2017-இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தைப் புதுப்பித்தபோது, பயன்பெறும் உழவர்கள் 10 விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என வகுத்தது பழைய மரபின் தொடர்ச்சியாகும்.

தென்காசியிலேயே இதற்கு நெகிழ்ச்சி மிக்க சான்று ஒன்று உண்டு. 1446-இல் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், தான் கட்டிய கோயிலுக்கு என்றேனும் ஒருநாள் பழுது நேரும் என்பதை உணர்ந்திருந்தான். பிற்காலத்தில் அப்பழுதை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைத் தான் பணிவதாகக் கல்லில் பாட்டாக வெட்டிவைத்தான். கட்டுவது ஒரு தலைமுறையின் செயல். பேணுவது எல்லாத் தலைமுறைக்கும் உரிய கடன் என்பதை முடியணிந்த மன்னன் தலைவணங்கி அறிவித்தான். சிதைந்துபோன அதன் கோபுரம் 1990-இல் மீண்டும் எழுந்தது.

தெரிந்து தெளிவோம்

நிவாரணம்: பேரிடர் நிகழ்ந்தபின் உணவு, உறைவிடம், உதவித்தொகை வழங்குதல்.
தணிப்பு: பேரிடரின் பாதிப்பு குறையும்படி முன்கூட்டியே செய்யும் பணி.
ஆயத்தநிலை: எச்சரிக்கை, பயிற்சி, ஒத்திகை முதலியன.
மாநிலப் பேரிடர் உதவி எண்: 1070. மாவட்டப் பேரிடர் உதவி எண்: 1077.

சட்டம் வகுத்த நிதியங்கள்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையில் ஏறத்தாழ 8,000 உயிர்களைப் பலிகொண்டது. அதன் மறு ஆண்டு, 2005-இல் நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. நாடு, மாநிலம், மாவட்டம் ஆகிய மூன்று நிலைகளிலும் பேரிடர் மேலாண்மை ஆணையங்களை அச்சட்டம் தோற்றுவித்தது. மாவட்ட ஆணையத்திற்கு மாவட்ட ஆட்சியர் தலைவர். உள்ளாட்சியின் மக்கள் பிரதிநிதி இணைத்தலைவர். உள்ளாட்சி அமைப்புகளும் தத்தமக்குரிய பேரிடர் மேலாண்மைத் திட்டத்தை உருவாக்க வேண்டும் என அச்சட்டம் கூறுகிறது.

நிதிக்கென இருவகை நிதியங்களை அச்சட்டம் வகுத்தது. முதலாவது மீட்பு நிதியம். பேரிடர் நிகழ்ந்தபின் செலவிடப்படுவது. இரண்டாவது தணிப்பு நிதியம்; நிகழுமுன் செலவிடப்படுவது. மீட்பு நிதியம் விரைவில் நடைமுறைக்கு வந்தது. தணிப்பு நிதியத்திற்கெனத் தனித்தொகை ஒதுக்கப்பட நெடுங்காலம் ஆயிற்று. 2021 முதல் 2026 வரையிலான காலத்திற்குப் பரிந்துரை வழங்கிய பதினைந்தாவது நிதிக்குழுவே அதற்கு வழிசெய்தது.

மாநிலங்களின் பேரிடர் மேலாண்மைக்காக ஐந்தாண்டுகளுக்கு 1,60,153 கோடி ரூபாயை அக்குழு பரிந்துரைத்தது. அதில் 80 விழுக்காடு மீட்பு நிதியத்திற்கும், 20 விழுக்காடு தணிப்பு நிதியத்திற்கும் உரியவை. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இத்தொகையில் 75 விழுக்காட்டை ஒன்றிய அரசும், 25 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. நூறு ரூபாயில் இருபது ரூபாய் வருமுன் காப்பதற்கு. எஞ்சியது பெரும்பாலும் வந்தபின் துடைப்பதற்கு. இந்த விகிதம் குறைவு எனத் தோன்றலாம். ஆயினும் தனித்தொகையே இல்லாதிருந்த நிலையிலிருந்து இது பெரிய முன்னேற்றம் ஆகும்.

கடற்சுவர், நெடிய வெள்ளத்தடுப்புக் கரை போன்ற பெருங்கட்டுமானங்களைத் தணிப்பு நிதியத்தில் மேற்கொள்ளலாகாது. அவற்றை வழக்கமான வளர்ச்சித் திட்டங்களின் வழியே செய்ய வேண்டும் என்பதும் அக்குழுவின் கருத்து. அந்தந்த இடத்து மக்களின் பங்கேற்போடு செய்யும் சிறு பணிகளுக்கே இந்நிதியம் ஏற்றது. மலையடிவாரச் சிற்றூர்களுக்கு இது வாய்ப்பான செய்தி. அவற்றுக்குத் தேவைப்படுபவை பெரும்பாலும் சிறு பணிகளே.

முன்செலவின் கணக்கு

வருமுன் செய்யும் செலவு வீண் எனச் சிலர் கருதுவதற்குக் காரணம் உண்டு. அச்செலவின் பயன், நிகழாமற்போன இழப்பு. நிகழாததை எவரும் படம் பிடிக்க இயலாது; அதற்குத் திறப்பு விழாவும் இல்லை. ஆயினும் கணக்கிட இயலும்.

எடுத்துக்காட்டாக ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவ்வூரில் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளம் வருகிறது. ஒவ்வொரு முறையும் 5 கோடி ரூபாய் இழப்பு நேர்கிறது. அப்படியாயின் ஆண்டொன்றுக்கு எதிர்பார்க்கப்படும் இழப்பு 50 இலட்சம் ரூபாய். கால்வாய்களைச் சீரமைத்து எச்சரிக்கை அமைப்பை நிறுவ 3 கோடி ரூபாய் ஆகிறது. அதனால் இழப்பு பாதியாகக் குறைகிறது எனக் கொண்டால், ஆண்டுக்கு 25 இலட்சம் ரூபாய் மிச்சமாகும். பன்னிரண்டு ஆண்டுகளில் போட்ட முதல் திரும்பிவிடும். அக்கால்வாய் முப்பது ஆண்டுகள் நிலைத்தால் மிச்சம் ஏழரைக் கோடி ரூபாய். வட்டியும் பராமரிப்புச் செலவும் இதில் கழிக்கப்பட வேண்டியவை; காக்கப்பட்ட உயிர்களோ எந்தக் கணக்கிலும் அடங்காதவை.

எச்சரிக்கை அமைப்புகளின் பயன் இதனினும் மிகுதி. புயலையோ வெப்ப அலையையோ 24 மணி நேரத்திற்கு முன்னரே அறிவித்தால் சேதம் 30 விழுக்காடு குறையும் என உலகத் தகவமைப்பு ஆணையம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அருவிக்கரையில் 24 மணி நேரம் தேவையில்லை. படிக்கட்டில் ஏறுவதற்குப் போதுமான சில நிமிடங்கள் கிடைத்தாலே உயிர் பிழைக்கும்.

மறுபுறம், முன்செலவு செய்யாத அரசும் செலவிலிருந்து தப்புவதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்திற்குப்பின், மிகவும் பாதிக்கப்பட்ட திருநெல்வேலி, தூத்துக்குடி பகுதிகளில் குடும்பத்திற்கு 6,000 ரூபாயும், தென்காசி உள்ளிட்ட பிற பகுதிகளில் 1,000 ரூபாயும் தமிழ்நாடு அரசு நிவாரணமாக அறிவித்தது. துயருற்ற குடும்பத்திற்கு அத்தொகை உடனடித் தேவை. எனினும் அது இழந்ததன் ஒரு பகுதியை ஈடுசெய்யுமேயன்றி, அடுத்த வெள்ளத்தைத் தடுக்காது.

சென்னை திரட்டிய நிதி

ஒரு நகரம் இடர்க்குறைப்பிற்குப் பல வழிகளில் பொருள் திரட்டியதற்குச் சென்னை சான்றாகும். 2015 டிசம்பர் வெள்ளம் அந்நகரை உலுக்கியது. 2021-இல் மீண்டும் தெருக்கள் மூழ்கியபோது, வெள்ளத்தணிப்பு குறித்து ஆராய ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அலுவலர் வெ. திருப்புகழ் தலைமையில் குழு அமைக்கப்பட்டது.

நிதியின் முதல் வழி கடன். கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் மழைநீர் வடிகால் அமைக்க, ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி அமெரிக்க டாலர் கடனுக்கு 2021-இல் ஒப்புதல் கிடைத்தது. இரண்டாம் வழி மானியம். ஏழு பெருநகரங்களின் வெள்ளத்தணிப்பிற்கெனப் பதினைந்தாவது நிதிக்குழு 2,500 கோடி ரூபாயைப் பரிந்துரைத்திருந்தது. சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்றுக்கும் தலா 500 கோடி. அதன்படி 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப்பின், சென்னை வடிநிலத்திற்கான 561.29 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. தேசியப் பேரிடர்த் தணிப்பு நிதியத்தில் ஒப்புதல் பெற்ற முதல் நகர்ப்புற வெள்ளத்தணிப்புத் திட்டம் அதுவே.

மூன்றாம் வழி நகராட்சிப் பத்திரம். மாநகராட்சி, முதலீட்டாளரிடம் பணம் பெற்று, குறித்த காலம்வரை வட்டி தந்து, முடிவில் முதலைத் திருப்பித் தரும் ஏற்பாடு இது. பத்திரம் வெளியிடும் மாநகராட்சி தன் வரவு செலவைத் தணிக்கை செய்து உலகறிய வைக்க வேண்டும். கடனைத் திருப்பித் தரும் திறனுக்குத் தரமதிப்பீடும் பெற வேண்டும். 2025 மே திங்களில் பெருநகரச் சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய் திரட்டும் பொருட்டுப் பத்திரங்களை வெளியிட்டுத் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. கொசஸ்தலையாற்று வடிகால் பணிக்கே அத்தொகை உரியது. மழைநீர் வடிகாலுக்காக ஒரு நகரம் சந்தையில் நின்று கடன் கேட்கத் துணிந்தது புதிய தொடக்கமாகும்.

சிற்றூர்களின் தடை

சென்னைக்குத் திறந்த கதவுகள் குற்றாலத்திற்கும் வடகரைக்கும் எளிதில் திறப்பதில்லை. பேரூராட்சியின் சொந்த வருவாய், சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை ஏலம் முதலிய சிலவற்றிலிருந்தே வருகிறது. தெருவிளக்கு, குடிநீர், துப்புரவு, ஊதியம் ஆகியவற்றுக்கு அது சென்றபின் மீதி சிறிதளவே. மாநிலத்தின் சொந்த வரிவருவாயில் 10 விழுக்காடு மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் அன்றாடப் பணிகளுக்கே செலவாகிறது.

சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்வழி சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. நகரத் திட்டமிடல், நிலப் பயன்பாட்டு ஒழுங்குமுறை, தீயணைப்பு ஆகியவை அதில் உள்ளன. பேரிடர் மேலாண்மை தனித்தலைப்பாக இல்லை. 2025-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைத் திருத்தச் சட்டம், நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களை அமைக்க இடமளித்தது. ஆயினும் அது மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் மட்டுமே பொருந்தும். நகராட்சியான தென்காசியும், பேரூராட்சிகளான குற்றாலமும் வடகரையும் அவ்வரம்பிற்கு வெளியே நிற்கின்றன.

குற்றாலத்திற்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. சாரல் காலத்தில் அவ்வூரில் திரள்வோர் பெரும்பாலும் வெளியூரினர். அவர்கள் அவ்வூரின் வாக்காளர்களும் அல்லர். சொத்து வரி செலுத்துவோரும் அல்லர். எனினும் அவர்களின் உயிர்க்காப்பு அச்சிற்றூரின் தோளில் விழுகிறது. மக்கள்தொகைக் கணக்கை மட்டும் கொண்டு நிதி பகிர்ந்தால், கூட்டம் திரளும் சிற்றூர்களின் உண்மைத் தேவை அக்கணக்கில் தென்படாது.

வழிகள் உண்டு

தனித்து நின்றால் சிறியவை. சேர்ந்து நின்றால் வலியவை என்பது உள்ளாட்சிகளுக்கும் பொருந்தும். 2002-இல் தமிழ்நாட்டின் சிறிய நகராட்சிகளும் பேரூராட்சிகளும் சில ஒன்றிணைந்து, குடிநீர், துப்புரவுப் பணிகளுக்கான கூட்டு நிதியத்தின் வழியே பத்திரம் வெளியிட்டு நிதி திரட்டின. தனித்தனியே சந்தையை அணுக இயலாத ஊர்களுக்கு அது வழிகாட்டியது. இந்தியாவில் இவ்வகை முயற்சிக்கு அதுவே முன்னோடி. சிற்றாற்று வடிநிலத்தில் அமைந்த ஊர்கள் ஒரே நீரால் வாழ்பவை. ஒரே வெள்ளத்தால் அஞ்சுபவை. மேலூரின் அடைபட்ட ஓடை கீழூரின் வீட்டை மூழ்கடிக்கும். ஆதலால் ஊர் எல்லையை விடுத்து ஆற்றின் எல்லையை அடிப்படையாகக் கொண்டு திட்டமும் நிதியும் அமைவதே பொருத்தமானது.

இரண்டாவதாக, மாநிலத் தணிப்பு நிதியத்தை நாடுவதற்குத் தகுதியான திட்ட அறிக்கை வேண்டும். எந்த ஓடை எங்கே குறுகியது, எத்தனை வீடுகள் தாழ்ந்த நிலத்தில் உள்ளன, முன்பு எவ்வளவு உயரம் நீர் ஏறியது என்னும் தரவுகள் இல்லாத விண்ணப்பம் வலுவற்றது. இத்தரவுகளைத் திரட்டப் பெரும்பணம் தேவையில்லை. ஊரின் முதியோர் நினைவும், பள்ளி மாணவரின் கள ஆய்வும், வருவாய்த்துறையின் பதிவேடும் சேர்ந்தாலே நல்லதொரு தொடக்கம் கிடைக்கும்.

மூன்றாவதாக, சாரல் காலத்துக் கடை ஏலம், வாகனக் கட்டணம் போன்ற வருவாயில் குறித்த ஒரு பங்கைப் பாதுகாப்பிற்கென ஒதுக்கிவைக்கலாம். பழைய ஏரிப்பட்டியின் நெறி இதுவே. எதனால் வருவாய் வருகிறதோ, அதனைப் பேணுவதற்கே அவ்வருவாயின் ஒரு பகுதி உரியதாகிறது. கருவி வாங்கப் பணம் தரும் திட்டங்கள் பல. அதன் மின்கலத்தை மாற்றவும் பழுதுநீக்கவும் பணம் தரும் திட்டங்கள் சில. ஒலிக்காத அபாயச் சங்கு, இல்லாத சங்கைவிடத் தீங்கானது. அது ஒலிக்கும் என நம்பி மக்கள் நீரில் நிற்பர்.

நான்காவதாக, செலவே இல்லாத காப்பும் உண்டு. ஓடைப் புறம்போக்கில் கட்டடம் எழாமல் தடுப்பதற்குத் தனி நிதியம் வேண்டியதில்லை. சட்டத்தைச் செயற்படுத்தும் உறுதி வேண்டும். இன்று தடுக்காமல் விட்ட கட்டடத்தை நாளை அகற்றவும், அங்கு வாழ்ந்தவரை மறுகுடியமர்த்தவும் ஆகும் செலவு பன்மடங்கு.

வெள்ளத்தின்போது படகோட்டி வருபவரை உலகம் போற்றுகிறது; போற்றுதல் தக்கதே. வெள்ளம் வாராத ஆண்டில் கால்வாயில் இறங்கித் தூர்வாரியவரை எவரும் அறிவதில்லை. பராக்கிரம பாண்டியன் பணிந்தது அத்தகையோரையே. ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் அவர்களுக்கென ஒரு வரி எழுதப்படுமாயின், அடுத்த சாரல் காலத்தில் அருவிக்கரைக்குச் செல்லும் இளைஞர் வீடு திரும்புவதற்கான உறுதி அவ்வரியில் அடங்கியிருக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் நீர்வழிகளைப் பார்வையிட்டு, அடைபட்ட இடங்களைக் குறிக்கும் வரைபடம் ஒன்றை உருவாக்குக.
2. உங்கள் உள்ளாட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் வெள்ளத்தணிப்பிற்கு ஒதுக்கப்பட்ட தொகையைக் கேட்டறிந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பதினைந்தாவது நிதிக்குழு, மாநிலப் பேரிடர் மேலாண்மை நிதியில் தணிப்பிற்கு ஒதுக்கிய பங்கு
அ) 10 விழுக்காடு ஆ) 20 விழுக்காடு இ) 40 விழுக்காடு ஈ) 80 விழுக்காடு

2. ஏரிப் பராமரிப்பிற்கென ஒதுக்கப்பட்ட நிலம்
அ) ஏரிவாரியம் ஆ) குடிமராமத்து இ) ஏரிப்பட்டி ஈ) புறம்போக்கு

குறுவினா

1. இடர், பேரிடர் வேறுபடுத்துக.
2. நகராட்சிப் பத்திரம் என்றால் என்ன?

சிறுவினா

1. தென்காசிக் கோயில் கல்வெட்டு உணர்த்தும் பராமரிப்பு நெறியை விளக்குக.
2. மக்கள்தொகையை மட்டும் அடிப்படையாகக் கொண்ட நிதிப்பகிர்வு குற்றாலத்திற்கு ஏன் பொருந்தாது?

நெடுவினா

1. சிற்றூர்கள் பேரிடர் இடர்க்குறைப்பிற்கு நிதி திரட்டுவதில் எதிர்கொள்ளும் தடைகளையும் அவற்றைக் கடக்கும் வழிகளையும் தொகுத்து எழுதுக.